கடைசித் துண்டைக் கேட்ட அக்கா

தாரிணி, அகிலன், உங்கள் மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நானும் அம்மாவும் “அதான் ஓப்பன் ஆவுதே” என்று சொல்லிச் சிரிக்கிறோம். மாமாவும் தலையைச் சொறிந்துகொண்டு கூடவே சிரிப்பார். போன ஞாயிற்றுக்கிழமை அது என்ன கதை என்று நீங்கள் கேட்டீர்கள். மாமா பேச்சை மாற்றிவிட்டார். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீங்கள் செல்போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். பன்னிரண்டாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு மாமாவைப் பற்றியது. கதை ஒரு அக்காவைப் பற்றியது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகிற தெருவில் என் வீடியோ மிக்ஸிங் கடை இருந்தது. நம் வீடு அதற்கு இரண்டு தெரு தள்ளி. கடைக்கு மேலே மாடி போர்ஷனில் அந்த அக்கா குடியிருந்தார். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தனியாகத்தான் இருந்தார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போவார், பாடகர் குழுவில் பாடுவார். “இன்னைக்கு நீங்க தனியாப் பாடினீங்களாமே அக்கா” என்று உங்கள் அம்மா கேட்டால், “எல்லாரும்தான் பாடினோம்” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிடுவார். அப்படிப்பட்டவர் பெயரை நான் இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னை “பிரதர்” என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைக் கொடுத்தாலும் அதன் மறுமுனையைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒருமுறை உங்கள் அம்மாவோடு தாம்பரம் மார்க்கெட் பக்கம் புடவைக் கடைக்குப் போயிருந்தார். கடைக்காரர் முந்தியை விரித்துக் காட்டினார். நல்ல ஜரிகை, உங்கள் அம்மாவுக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. அக்கா மட்டும், “அந்தக் கோடியைக் காட்டுங்க” என்றார்.

“மேடம், உள்ள சொருகுற பக்கம் அது. யாரும் பாக்க மாட்டாங்க.”

“யாரும் பாக்காத பக்கம்தான் நான் பாக்கணும்.”

கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மொத்தப் புடவையையும் பிரித்தார். அந்தக் கோடியில் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. “இதுக்குத்தான் மேடம் சொன்னேன்” என்றார் அவர். “இப்பதான் எனக்குத் தெரியும்” என்று அக்கா புடவையை எடுத்துக்கொண்டார். பெரும்பாலும் அப்படித்தான், ஒன்றும் இருக்காது. அதற்காக அவர் வெட்கப்பட்டதும் கிடையாது, அடுத்தமுறை பார்க்காமல் விட்டதும் கிடையாது.

தண்ணீர் லாரிக்காரர்களுக்கு அக்கா என்றால் ஆகாது. கோடைக்காலத்தில் எங்கள் கட்டடத்துக்கு வாரத்தில் ஒரு லாரி வரும். கீழே இருக்கும் தொட்டியில் குழாயை விட்டுவிட்டு டிரைவர் பீடி பற்ற வைப்பார். தண்ணீர் விழ ஆரம்பிக்கும்போது எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவோம். முடியும் நேரத்துக்கு அக்கா சரியாக இறங்கி வருவார்.

“காலி ஆயிடுச்சா?”

“ஆயிட்ச்சு மேடம். சொட்டுதே, தெரியல?”

“குழா சொட்டுது. வண்டி சரிவுல நிக்குது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க.”

“இன்னா மேடம், வாராவாரம் உன்னோட இதே பேஜாரா கீது. ரெண்டு கொடம் தண்ணிய வெச்சு நான் இன்னா மாடி வூடா கட்டப் போறேன்?”

“நீங்க கட்ட வேணாம். ரிவர்ஸ் எடுங்க.”

லாரி பின்னால் வந்து சமமான தரையில் நின்றதும் குழாயில் மறுபடி தண்ணீர் கொட்டும். டிரைவர் அக்காவைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பார். அக்காவும் ஒன்றும் சொல்ல மாட்டார். நின்றபிறகு “தேங்க்ஸ் அண்ணா” என்று உள்ளே போய்விடுவார். ஜெயித்தேன் என்ற முகம் அவரிடம் நான் பார்த்ததில்லை. லாரி காலியா இல்லையா என்பது தெரிந்தால் போதும் அவருக்கு.

இந்தப் பழக்கம் எல்லா நேரமும் இனிக்கவில்லை. தாரிணி, நீ வயிற்றில் இருக்கிறாய் என்று தெரிந்த அன்று நான் பால்கோவா வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்கள். அக்கா பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு, “பிரதர், எந்த ஆஸ்பத்திரி? ஏதாவது ஆச்சுன்னா ரத்தம் கொடுக்க அங்க வசதி இருக்கா?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அம்மா ஒரு வாரம் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. “நல்ல சேதி சொல்லப் போனா இப்படியா கேப்பாங்க? அவங்களுக்கு ஆரம்பமே தெரியாதா?” என்றாள்.

நீ பிறந்த அன்று குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். பெண் குழந்தை, நல்ல எடை. அவ்வளவுதான், எல்லாரும் கலைந்துவிட்டோம். நான் போன் போட ஓடினேன். மாமா ஸ்வீட் வாங்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அக்கா மட்டும் பிரசவ அறைக் கதவோரம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பை, தோளில் குடை, கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்.

“குழந்தையப் பாத்தீங்களா அக்கா?”

“பாத்தேன். அவங்க இன்னும் வெளிய வரல.”

உங்கள் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்து, அவள் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து “தண்ணி” என்று கேட்ட பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு உங்கள் அம்மா அக்காவைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவிட்டதில்லை.

இப்போது மாமாவுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கல்யாண வீடியோ எப்படி எடுப்போம் என்று உங்களுக்குத் தெரியாது. கேமராவில் சின்னக் கேசட் போட்டுப் பிடிப்போம். பிறகு கேசட்டை ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வோம். ஏற்றி முடித்ததும் அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தைப் பிடித்துவிடுவோம். முகூர்த்த மாதத்தில் கேசட்டைச் சும்மா வைத்திருந்தால் தொழில் ஓடாது. எங்கள் ஏரியாவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆக, டிவிடி போட்டுக் கொடுக்கும் வரைக்கும் ஒரு கல்யாணம் முழுவதும் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். வேறு எங்கேயும் இருக்காது.

அந்தச் சமயம் எங்கள் டிஸ்க்கில் இருந்தது நம் தெருவில் மீன் விற்க வரும் அம்மாவின் மகள் கல்யாணம். மீனம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நீலாங்கரைப் பக்கம் குப்பம் அவர்களுக்கு. காலையில் கூடையோடு பஸ் பிடித்து மேடவாக்கம் வழியாக வருவார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கரையில் படகைத் தள்ளும்போது அது சரிந்து இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். மகள் கல்யாணத்தன்று அவரை மண்டபத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. தள்ளிப் போடலாம் என்றால் அவரே ஒத்துக்கொள்ளவில்லையாம். “நீ எடுத்துக் குடு தம்பி. அந்தாளு படுத்துகினே பாத்துக்கும்” என்று அந்த அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மீன் கூடையை இறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். “ரெடியா தம்பி? தெனம் கேக்குது அது.”

ஒரு ஞாயிறு மதியம் நான் சாப்பிடப் போயிருந்தேன். மாமா அப்போது என்னோடு கடையில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் என்றால் பயமே கிடையாது அவருக்கு. டிஸ்க் முழுவதும் ஒரே பெரிய டிரைவாக இருக்கிறது, அதை இரண்டாகப் பிரித்தால் புது வேலையைத் தனியாக வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் திரும்பி வரும்போது பிரித்து முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதே நேரம் அக்கா பாடகர் குழு சிடி ஒன்றைக் காப்பி போட்டு வாங்க இறங்கி வந்தார்.

“என்ன பிரதர், சண்டேகூட கடையா?”

மாமா முந்திக்கொண்டார். “ஒரே டிரைவா கெடந்துச்சுக்கா. சுருக்கி ரெண்டாப் பிரிச்சுட்டேன். பாருங்க, எவ்ளோ நீட்டா கீது.”

அக்கா சிடியை மேஜைமேல் வைத்தார். “உள்ள இருக்கறத முன்னாடி தள்ளிட்டுச் சுருக்கினீங்களா? இல்ல கோட்டை மட்டும் இழுத்தீங்களா?”

“எல்லாம் அப்டியேதான் கீது. ஒரு ஃபைலும் போவல. பேர எண்ணிப் பாத்துட்டேன்.”

“பேரு இருக்கும்.”

“அதான் ஓப்பன் ஆவுதே அக்கா.” மாமா முதல் துண்டைத் தட்டினார். வீடியோவை அப்போது ஒரே ஃபைலாக ஏற்ற முடியாது. துண்டு துண்டாகத்தான் ஏறும். முதல் துண்டில் முந்தின நாள் ரிசப்ஷன். மெல்லிசைக் குழு, பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில், எல்லாம் பளிச்சென்று ஓடியது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்கா உட்காரவில்லை. “கடைசித் துண்டைக் காட்டுங்க” என்றார்.

மாமா சிரித்துக்கொண்டே கடைசிக்குப் போய்த் தட்டினார். படம் வரவில்லை. மணல்கடிகாரம் சுற்றியது. பிறகு படிக்க முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதற்கு முந்தைய துண்டும் அப்படியே. அதற்கும் முந்தையதும்.

உங்களுக்கு இது புரிய வேண்டும். அந்த டிஸ்க்கை ஒரு நீளமான கல்யாண மண்டபமாக நினைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற விவரம் முன்வாசலில் இருக்கிறவரிடம் உண்டு. மண்டபத்தைச் சின்னதாக்க வேண்டும் என்றால் என்ன செய்வோம்? பின்வரிசையில் இருப்பவர்களை எழுப்பி முன்னால் உட்கார வைத்துவிட்டு, பிறகு நடுவில் தட்டியை வைப்போம். மாமா ஆட்களை எழுப்பவே இல்லை. தட்டியை மட்டும் இழுத்து வைத்துவிட்டார். முன்வாசலில் கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்றுதான் பதில் வரும். முன்வரிசையைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால்தான் வர மாட்டார்கள். ரிசப்ஷன் முன்னால் இருந்தது. முகூர்த்தம் பின்னால். தாலி கட்டியது முழுவதும் தட்டிக்கு அந்தப் பக்கம்.

“ரீஸ்டார்ட் பண்ணா சரியாப் பூடும்” என்று மாமா பட்டனை அமுக்கினார். கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பியது. நீலத்திரை வந்தது. டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யப் போகிறேன், வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு என்று சொல்லிவிட்டு நொடிகளை எண்ண ஆரம்பித்தது.

“பாத்தீங்களா, அதுவே ரிப்பேர் பண்ணிக்குது” என்றார் மாமா.

அக்கா குறுக்கே கையை நீட்டி ஒரு பட்டனை அமுக்கினார். எண்ணிக்கை நின்றது. அவர் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

“ஏன்க்கா நிறுத்தினீங்க?”

“அது எதைச் சரி பண்ணும்? தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க பேரை அடிச்சிடும். அப்பறம் கணக்கு சரியாயிடும். கல்யாணம் போயிடும்.”

தட்டி என்ற சொல் அவருடையதுதான். மேலே சொன்ன மண்டபக் கதையும் அவர் அன்றைக்கு எங்களுக்குச் சொன்னது.

மாடிக்குப் போய் ஒரு சிடி எடுத்துவந்தார். டிஸ்க்கில் எதையும் எழுதாமல், சிடியிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பும் சிடி அது. “மொதல்ல பாக்கறோம். கை வைக்கறதில்ல” என்றார். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். இரண்டு எண்கள் வந்தன. டிரைவ் தன் அளவு இவ்வளவு என்று தனக்குள் எழுதி வைத்திருந்தது ஒன்று. தட்டி நிற்கிற இடம் இன்னொன்று. முதலாவது பெரியது.

“உள்ள இருக்கறது நான் பெரிய மண்டபம்னு சொல்லுது. தட்டி அதைச் சின்னதுன்னு சொல்லுது. இதுதான் பிரச்சினை. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.” பிறகு மாமா பக்கம் திரும்பினார். “பிரிச்ச பக்கத்தை ஃபார்மேட் பண்ணீங்களா?”

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பண்ணேன். குயிக் ஃபார்மேட்தான்.”

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். “அதுல ஏதாவது காப்பி பண்ணீங்களா?”

“இல்லக்கா. டீ குடிச்சுட்டுப் பண்ணலாம்னு இருந்தேன்.”

“டீக்குக் கடவுள் நல்லது பண்ணட்டும்” என்றார். அவர் செய்த ஒரே ஜோக் அதுதான். மாமாகூடச் சிரிக்கவில்லை.

அந்த டிஸ்க்கைத் தொடக்கூடாது, முதலில் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்துவிட்டு நகலில்தான் வேலை செய்ய வேண்டும் என்றார். மறுநாள் மாமா பஸ் பிடித்துப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தார். நகல் எடுக்கவே வெகுநேரம் ஆனது. அக்கா கல்லூரி விட்டு வந்ததும் நகலில் தட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார். பழைய எல்லை எது என்று டிரைவ்தான் தனக்குள் எழுதி வைத்திருந்ததே, அதே எண்.

திறந்தோம். கடைசித் துண்டைத் தட்டினோம். பந்தியில் யாரோ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா அக்கா காலில் விழாத குறை.

“வந்துடுச்சுக்கா.”

“வந்தது தெரியுது. எது வரலன்னு இப்பப் பாக்கணும்.”

“கடைசி துண்டே ஓடுதே. இன்னும் இன்னா?”

“ஃபார்மேட் எங்கயாவது எழுதியிருக்கும். இந்த நடுவுல எங்கயோ ஓட்டை இருக்கு. எங்கன்னு தெரியாம இதை நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன்.”

அப்படியே சில சாயங்காலம் அவர் கீழே வந்து உட்கார்ந்தார். கடைசித் துண்டிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக, ஓட்டிவிடாமல், முழுவதும் பார்த்தார். யாருடைய கல்யாணமோ. பந்தி, அருந்ததி, மெட்டி, அம்மி என்று கல்யாணத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தாலி கட்டும் இடம் சுத்தமாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், மாமா தட்டி வைத்த அதே இடத்தில், படம் கட்டம் கட்டமாக உடைந்து பிறகு இல்லாமலே போனது. சில நொடிகள்தான். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோலக் கல்யாணம் தொடர்ந்தது.

பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும் இடம் அது. தண்ணீர் ஊற்றும் அந்த நொடிகள்.

நான் தொழில்காரன், எனக்கு உடனே வழி தோன்றியது. “அங்க ஒரு ரோஜாப்பூ எஃபெக்ட் போட்டா மூடிடும் அக்கா. பூ விரியும், மூடும், தாலி வந்துடும். ஒருத்தருக்கும் தெரியாது.”

“நல்லா மூடுமா?”

“சுத்தமா மூடும்.”

“அப்பப் போடுங்க. ஆனா எதை மூடியிருக்கோம்னு அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போடுங்க.”

“சொல்லிட்டு எதுக்குக்கா மூடணும்?”

“அதான் நானும் கேக்கறேன்” என்றார்.

பூவைப் போடவில்லை. உடைந்த பகுதியை வெட்டி முன்னையும் பின்னையும் ஒட்டினேன். டிவிடி தயாரானதும் அடுத்த சனிக்கிழமை மதியம், பிளேயரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அக்காவும் நானும் நீலாங்கரைக்கு பஸ் ஏறினோம். மாமா வரவில்லை. வயிற்று வலி என்றார்.

வீடு கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. மீனம்மா எங்களைப் பார்த்ததும் டிவிமேல் இருந்த துணியை எடுத்தார். அவர் வீட்டுக்காரர் சுவரோரம் கட்டிலில் படுத்திருந்தார். நல்ல உயரம், காய்ந்த கை. இடுப்புக்குக் கீழே போர்வை.

நான் பிளேயர் ஒயரை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் சில நொடி போய்விட்டது, எந்த இடம், எப்படிப் போனது, திரும்ப வராது. சுற்றி வளைக்கவில்லை. மன்னிப்பு ஒன்றே ஒன்று, கடைசியில்.

மீனம்மா கையில் இருந்த துணியை இறுக்கினார். “இன்னாது பூட்ச்சா? தாலி கட்ன எடம் கீதா, அத்த சொல்லு மொதல்ல.”

“இருக்கு. நான் முழுசாப் பாத்தேன். தாலி கட்றது இருக்கு, மெட்டி போடறது இருக்கு, நீங்க அழுதது இருக்கு.”

“நான் எங்க அயுதேன். பொகை அது.”

கட்டிலில் இருந்தவர் சிரித்தார். “பொகையாம். அஞ்சு தெரு கேக்கறா மாரி பொகை.” பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். “டீச்சரம்மா, பூட்ச்சுன்னு சொன்னியே, தாரை வாக்கறது. அதுல என் எடத்துல யார் குந்திகினு இருந்தது?”

அக்கா மீனம்மாவைப் பார்த்தார். மீனம்மா சொன்னார்: “உன் தம்பிதான்யா. அவனும் அவன் பொண்டாட்டியும். வேற யாரு குந்துவாங்க?”

“அந்தப் படம் இல்ல இப்ப?”

“இல்லீங்க” என்றார் அக்கா.

“அப்ப அந்த எடம் காலியா கீது.” அவர் தலையணையைச் சரிசெய்து தலையை உயர்த்திக்கொண்டார். “போடு சார். அது வரும்போது நான் போய் குந்திக்கறேன்.”

மீனம்மா, “இன்னாயா நீ” என்றார்.

ரிசப்ஷனை ஓட்டிவிடச் சொன்னார்கள். முகூர்த்தத்துக்கு வந்தோம். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார். பொண்ணு வந்தாள். கட்டிலில் இருந்தவரின் தம்பி அந்த ஓரமாக வந்து வேட்டியைச் சரிசெய்தார். ஐயர் சொம்பைக் கையில் எடுத்தார். நான் ஒட்டிய இடம் வந்தது. சட்டென்று தாலித் தட்டு கூட்டத்துக்குள் ஆசீர்வாதத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் படுத்தபடியே கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன்.

“இன்னா சார் இது” என்றார் மெதுவாக. “நான் போய் குந்தறதுக்குள்ள தாண்டிட்ச்சே.”

ஜோக்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மீனம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். அக்கா டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, “மேல ஓட்டு” என்றார். மேளம் ஓங்கி அடித்தது, மாப்பிள்ளை குனிந்தார், தாலி ஏறியது. கட்டிலில் இருந்தவர் அட்சதை போடுவதுபோல வலது கையைக் கொஞ்சம் திறந்தார். அப்பளம் நொறுங்கி, பந்தி முடிந்து, என் கடைப் பெயர் வந்து, திரை கறுப்பாகும்வரை அக்கா எழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். மேடவாக்கத்தில் நெரிசலில் பஸ் நின்றது. நின்ற இடத்திலேயே, “நான் இங்க இறங்கிக்கறேன் பிரதர், காய் வாங்கணும்” என்று இறங்கிப் போய்விட்டார். சிட்லபாக்கத்திலும் காய் கிடைக்கும். தனியாக நடக்கணும்போல இருந்திருக்கும். அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ நாகர்கோவில் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். நீ அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதது உனக்கு ஞாபகம் இருக்காது, தாரிணி.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். மாமா இல்லை. ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு உள்ளே போய் கம்ப்யூட்டரைப் போட்டு, ஒட்டிய இடத்தைப் பிரித்தேன். ஐயர் சொம்பை எடுப்பதற்கும் தாலித் தட்டு போவதற்கும் நடுவில் படமே இல்லாத வெறும் திரையை வைத்தேன். முன்னால் வாசித்த நாதஸ்வரத்தை எடுத்து அதன்மேல் ஓடவிட்டேன். கட்டிலில் இருந்தவர் வந்து உட்கார எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய், ஷட்டர் ஓரத்தை மண்டப வாசலாகவும் என் நாற்காலியை மணையாகவும் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலிலிருந்து நடந்து வந்து உட்கார்ந்தேன். பிறகு யோசித்து, திரும்ப வாசலுக்குப் போய், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னும் மெதுவாக நடந்து வந்தேன்.